சிவமூலியுஞ் சிவானந்தமும்

செஞ்சியைச் சூழ்ந்த மலைநாட்டில் தொண்டூர் என்னும் பழைய ஊர் ஒன்று உளது. ஆண்டுள்ள பாறையிற் சமண முனிவர்க்கெனச் செதுக்கப்பட்ட கற்படுக்கைகள் இருக்கின்றன. மோசி என்பான் செய்த இருக்கை என்று அங்குள்ள தமிழ்ப் பிராமி எழுத்துக் கூறும். அதன் காலம் கி. பி. மூன்றாம் நூற்றாண்டென அறிஞர் அளவிடுவர். அக்கல்லெழுத்திற் பேசப்படும் அகழூர் இன்றும் அருகே அப்பெயரோடு விளங்குகின்றது. சமணரும் அங்கு வாழ்கின்றனர். செஞ்சிக்கு அணித்தாகிய திருநாதர் குன்றிற் சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்துறந்தமை மற்றொரு கல்லெழுத்தால் அறியப்படும். இத்தகைய கடுநோன்பினைப் போற்றிய அச்சமயத்தார் துறவிகளை மட்டும் கட்டுப்படுத்தி அமையவில்லை. இல்லறத்தாரும் கள், ஊன், தேன் என்னும் மூன்றனையும் விலக்குதல் வேண்டுமென விதித்தனர். தேனையே விலக்கினார்க்குக் கள்ளைப்பற்றி ஐயம் எழுதற்கு இடமேது?

சைவர்க்கோ அவ்வையம் எழுந்தது. சைவரல்லாதார் சைவர்மேல் அதனை ஏற்றியதும் உண்டு. மயக்கந் தரும் பொருளை நோய் தீர்தற்கன்றிக் களிப்பின்பொருட்டு நுகர்வதனால் நன்மை விளையுமோ என்னும் வழக்கு இந்நாட்டிற் பன்முறை நிகழ்ந்துளது. நிகழ்ந்தபோதெல்லாம் சிவபெருமான் திருப்பெயர் அதனுள் இழுக்கப்பட்டது. கஞ்சாவுக்குத் தமிழ் மருத்துவர் வழங்கும் பெயர்களுள் ஒன்று சிவமூலி என்பது. வடநாட்டில் சிவராத்திரி நாளில் அதன் இலையைப் பாலொடு கரைத்துப் பருகுவார் பலர். ஆதலின் இவ்வழக்கின் வரலாற்றையும், சைவ சித்தாந்தம் அதற்குக் கூறும் விடையையும் ஒருங்குவைத்து ஆராய்தல் பயனுடைத்து.

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள தளவானூரில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சத்துருமல்லேசுவரம் என்னுங் குகைக்கோயில் உளது. மண்டகப்பட்டிற் செங்கல், மரம், உலோகம், சுண்ணம் என்பன இன்றி அவன் எடுப்பித்த கோயிலும் இவ்வட்டாரத்ததே. அப்பர் அடிகளாற் சமணம் விடுத்துச் சைவம் புகுந்தானெனப் பெரியபுராணங் கூறும் பல்லவன் இவனே என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் உடன்பாடு. இவ்வரசன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகம் ஒன்று வடமொழியில் இயற்றினான். நெடுங்காலம் மறைந்துகிடந்த அந்நூல் 1917-ஆம் ஆண்டில் த. கணபதி சாத்திரியாரால் திருவனந்தபுரத்தில் அச்சேறியது.

அந்நாடகத்தின் களம் காஞ்சிமாநகர். சத்தியசோமன் என்னுங் காபாலிகன் தன் துணைவி தேவசோமையோடு கள்மயக்கிற் றள்ளாடி வருகின்றான். கள்ளுக்கடை அவன் கண்ணுக்கு வேள்விச்சாலையாய்த் தோன்றுகின்றது. கடைக்கொடிமரம் வேள்வித்தூண், கள்ளே சோமபானம், குடியர் கூச்சலே சாமகானம். இன்பத்தின் வழியே வீடு எய்தலாம் என்பதும், அவ்வழியை வகுத்தவன் சிவனே என்பதும் அவன் கொள்கை. இடையிற் கபாலம் காணாமற்போக, நாகசேனன் என்னும் புத்த பிக்குவைக் கள்வன் என்று பற்றிக்கொள்கின்றான். அப்பிக்குவின் எண்ணமும் வியத்தற்குரியது. ஊனும் நன்மாடமும் மெத்தென்ற படுக்கையும் அளித்த புத்தர் கள்ளையும் மகளிரையும் மட்டும் விலக்கியிரார் என்றும், முதியோர் பொறாமையால் அப்பகுதியை ஏட்டினின்று நீக்கியிருப்பர் என்றும் அவன் ஏங்குகின்றான்! ஈற்றிற் கபாலத்தை நாய் கவ்விச் சென்றமையும், அது பித்தன் ஒருவன் கையகப்பட்டமையும் வெளியாகின்றன.

இவ்வங்கதத்தில் அரசன் யாரையும் சினந்து பேசவில்லை. மத்தவிலாசன் என்பது அவன் தன் பட்டப்பெயர்களுள்ளும் ஒன்று. நுகர்வோன் தன் விருப்பத்திற்குச் சமயத்தைச் சான்றாக அழைக்கும் முறையைமட்டும் எடுத்துக்காட்டி நகைக்கின்றான். விருப்பம் முன்செல்ல நூல் பின்செல்லும் அம்முறை, ஆயிரத்திருநூறு ஆண்டுகட்குப்பின் ஆங்கிலேயர் ஆட்சியிலும் மீண்டுந் தோன்றியது.

1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் வில்லியம் கெயின் என்னும் உறுப்பினர், வங்காளத்திற் கஞ்சாவின் பயிரும் விற்பனையும் மக்களுக்கு விளைக்குந் தீமைகுறித்து வினா எழுப்பினார். அவர் மதுவிலக்கு இயக்கத்தின் தலைவருள் ஒருவர். அதன் விளைவாக இந்திய அரசாங்கம் அவ்வாண்டு சூலையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. ஆராய்ச்சி வங்காளத்தின் எல்லையைக் கடந்து நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்டது. மாக்வொர்த் யங் என்பார் தலைவர். ஆங்கிலேயரோடு ராஜா சசி சேகரேசுவர ராய், கன்வர் ஹர்நாம் சிங், லாலா நிகால் சந்து என்னும் இந்தியர் மூவரும் உறுப்பினராயினர். 1,193 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். சென்னை மாகாணமும் விசாரணைக்கு உட்பட்டது. 1894-இல் அறிக்கை பல தொகுதிகளாக முற்றுப்பெற்றது. மயக்கப்பொருள் ஒன்றைப்பற்றி அதற்குமுன் எந்நாட்டிலும் இத்துணை விரிவான விசாரணை நடந்ததில்லை எனல் மிகையாகாது. இலையாகிய பாங்கு, பூங்கொத்தாகிய கஞ்சா, பிசினாகிய சரசு என்னும் மூன்றனையும் குழுவினர் வேறு வேறாகப் பிரித்தே ஆராய்ந்தனர்.

அக்குழுவின் உண்மை நாட்டம் போற்றத்தக்கது. பைத்திய வைத்தியசாலைகளிற் கஞ்சாவாற் பித்தேறியவர் திரளாக இருக்கின்றனர் என்பது அக்காலத்தார் உறுதியாக நம்பிய செய்தி. ஏடுகளும் அவ்வாறே காட்டின. 1892-இல் வைத்தியசாலைகளிற் சேர்ந்தார் 1,344 பேருள் 222 பேருக்குக் கஞ்சா முதலியனவே காரணமென எழுதப்பட்டிருந்தது. குழுவினர் அவற்றை ஒவ்வொன்றாகத் துருவி நோக்கினர். நோயாளியைக் கொணர்ந்த காவலர் காரணம் அறியாதபோது கஞ்சா என்று எழுதிவிடுதல் வழக்கமாயிருந்தமை வெளிப்பட்டது. ஆய்ந்த பின் எஞ்சியவை 98. அவற்றுள்ளும் வேறு காரணங்கள் கலந்தன பல. ஒரு பொருளைத் தீதெனக் காட்டவேண்டிப் பொய்க்கணக்கு எழுதினால் அத்தீதினை விலக்க முயல்வார்க்கே அஃது இழுக்காய் முடியும். அன்று அவ்வாறே முடிந்தது.

அளவோடு நுகர்வார்க்கு உடலிலும் மனத்திலும் ஒழுக்கத்திலும் குறிப்பிடத்தக்க தீமை இல்லை; மிகுதியாக நுகர்வார்க்குத் தீமை உண்டு; முற்றும் விலக்குதல் வேண்டுவதன்று; வரி விதித்தும் உரிமம் வழங்கியும் அடக்குதலே தக்கது. இதுவே பெரும்பான்மையோர் முடிபு. விலக்கினாற் சாதுக்களும் துறவிகளும் வெறுப்புறுவர் என்பதும், மக்கள் கஞ்சாவை விட்டு அதனினுங் கொடியவற்றை நாடுவர் என்பதும் அவர் காட்டிய காரணங்கள். சசி சேகரேசுவர ராயும் நிகால் சந்தும் இம்முடிபுக்கு உடன்படாது தனித்தனியே மறுப்புக் குறிப்பு எழுதினர்.

அவ்வறிக்கையின் பிற்சேர்க்கைகளுள் இரண்டு சைவர் கருத்திற்கு உரியன. வடமொழியிலும் இந்தியிலும் இச்செடி பேசப்படும் இடங்களை மொழிநூலறிஞர் கிரியர்சன் தொகுத்தளித்தார். பம்பாயிற் சுங்க அதிகாரியாயிருந்த காம்பெல் என்பார் எழுதிய குறிப்போ வேறு வகையினது. பாங்கினை அருந்துவோன் சிவனோடு ஒன்றுபடுகின்றான் என்றும், துறவிக்கு அது பசியையும் குளிரையும் வென்று தியானத்தில் நிற்கத் துணையாகின்றது என்றும், அதனைப் பறித்தல் எளியோர் உள்ளத்துக்குக் கொடுமையாகும் என்றும் அவர் உருகி எழுதினார். அவர் நல்லெண்ணத்தை ஐயுறுதற்கில்லை. ஆயினும், சத்தியசோமன் கள்ளுக்கடை வாயிலிற் பேசியதற்கும் இதற்கும் வேற்றுமை மொழியளவே.

இனி, நன்மை உண்டோ என்னும் வினாவிற்கு அக்குழு என்ன விடை கூறிற்று என்பதே இங்கு உற்றுநோக்கற்பாலது. சிற்சில வேளைகளிற் சிறிதளவு அருந்துதல் நன்மை தருதல் கூடும் என அவ்வறிக்கை ஒப்புகின்றது. ஒப்பிய அவ்விடத்திலேயே, அந்நுகர்ச்சி மருந்தின் பாற்படுவது என்றும் எழுதுகின்றது. நன்மையைக் கண்டவிடத்து அதற்கு மருந்து எனப் பெயரிட்டனர். மருந்தல்லாத நுகர்ச்சியைப்பற்றிக் கூறியதெல்லாம், அளவோடிருப்பின் தீமை பெரிதன்று என்பதே. தீமை இன்மை வேறு; நன்மை உண்மை வேறு. இவ்விரண்டனையும் ஒன்றாக மயங்கியே பிற்காலத்தார் பலர் அவ்வறிக்கையைத் தமக்குச் சான்றாக எடுத்தாள்கின்றனர். கல்லைச் சுமந்தவன் முதுகு ஒடியவில்லை என்பதனாற் கல் அவனுக்கு உணவாயிற்றென்று சொல்வாரில்லை.

அறிக்கைக்குப் பிந்திய நிகழ்ச்சிகளைச் சுருங்கக் கூறின் அமையும். 1961-இல் நாடுகள் பல கூடிச் செய்த உடன்படிக்கை கஞ்சாவைக் கடும்பட்டியலிற் சேர்த்தது. 1985-இல் இந்தியா இயற்றிய சட்டம் கஞ்சாவையும் சரசையும் தடுத்தது. இலையை மட்டும் அவ்விலக்கணத்துட் சேர்க்கவில்லை. 2020 திசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருட் குழு, 1961-ஆம் ஆண்டுக் கடும்பட்டியலினின்று கஞ்சாவை நீக்கத் தீர்மானித்தது. சார்பாக 27 வாக்குகள், எதிராக 25. இந்தியா சார்பாக வாக்களித்தது. அதன் மருத்துவப் பயனைக் கருதியதே அந்நீக்கம். களிப்பு நுகர்ச்சிக்கு அங்கு உரிமை வழங்கப்படவில்லை. ஆக, 1894-இற் குழுவினர் நின்ற அவ்வெல்லைக்கோட்டின்மேலேயே உலகம் இன்னும் நிற்கின்றது எனலாம்.

சைவ சித்தாந்தமோ அக்கோட்டிற்கு அப்பாலும் செல்லுகின்றது. கள்ளையும் மயக்கத்தையும் வழிபாட்டில் ஏற்ற காபாலம், வாமம், வைரவம் என்பவற்றை அகப்புறச் சமயங்களுள் வைத்துச் சித்தாந்த நூலோர் எண்ணினர். முற்றும் புறத்தே தள்ளினாரல்லர், அகத்தேயும் கொண்டாரல்லர். சிவனை முதல்வனாகக் கொண்டமையால் அவை அணியவாயின. அவனை அடையும் நெறியிற் பிழைத்தமையால் அகலவாயின.

திருமூலர் திருமந்திரத்தின் முதற்றந்திரம் கள்ளுண்ணாமை என்னும் பகுதியோடு முடிகின்றது. அதன்கண் அவர் காட்டும் உவமை ஒன்று இவ்வழக்கு முழுவதற்கும் விடையாய் அமையும். கழுநீர்க்குப் பழகிய பசு தெளிந்த நீர்க்குளங்களை நாடுவதில்லை. கழுநீர் கிடையாத பொழுதோ அவ்வேட்கையாலே உடம்பு மெலிகின்றது. கள்ளுண்பார் நிலையும் அத்தகையதே. சிவானந்தமாகிய தேறலை அவர் தேடுவதில்லை என்பது கருத்து. இங்குக் கழுநீர் நஞ்சென்று கூறப்படவில்லை என்பதனை ஓர்தல் வேண்டும். அரிசி கழுவிய நீராற் பசு இறந்துபடுவதில்லை. அதனிடத்துச் சிறிது ஊட்டமும் உண்டு. அதனாற் குளம் மறக்கப்படுகின்றது என்பதே குற்றம். அளவோடு அருந்துவார்க்குத் தீமை உண்டா இல்லையா எனக் கணக்கெடுத்த குழுவினர்க்கு இக்குற்றம் புலப்படுதற்கு வழியில்லை. எந்தச் சாட்சியிடத்தும் அவர் குளத்தைப்பற்றி வினவவில்லை.

அற்றேல், தியானத்திற் றன்னை மறத்தலும் மயக்கத்திற் றன்னை மறத்தலும் ஒன்றேயன்றோ, விரைந்து கிட்டும் வழியை ஏன் விலக்கவேண்டும் எனின், அன்று. உயிர் தற்போதம் இழக்கும் நிலை இரண்டென்பது சித்தாந்தம். கேவல நிலையில் ஆணவ இருள் மூடுதலால் அறிவும் விழைவும் செயலும் அடங்கிக்கிடக்கும். சுத்த நிலையில், ஞாயிற்றின்முன் விளக்கொளி அடங்குமாறுபோலத் திருவருள் ஒளியில் உயிரறிவு அடங்கும். இருளிலும் கண் தன்னைக் காணாது, பேரொளியிலும் காணாது. வெளியே நின்று பார்ப்பார்க்கு இரண்டும் ஒன்றாய்த் தோன்றலாம்; எழுந்தபின் அவை வேறுபடுதல் தெளிவு. ஒன்று கழிந்தபின் எஞ்சுவது மீண்டும் வேண்டும் என்னும் வேட்கை. மற்றையதன்பின் வேட்கை தானே தேய்கின்றது. காம்பெல் கண்ட துறவியர் நாடோறும் அவ்விலையைத் தேடி நின்றனர் என்பதொன்றே அவர் பெற்றது எதுவெனக் காட்டப் போதுமானது.

சிவபெருமான் ஊமத்த மலர் அணிகின்றான், பித்தன் எனப் பெயர் பெற்றான், நஞ்சையே உண்டான், அவன் அடியார் இலையை அருந்துதல் இழுக்கோ என்பாரும் உளர். ஊமத்தையை அவன் சூடினானேயன்றி உண்டானல்லன். உலகம் ஒதுக்கிய மலரையும் தான் ஏற்றுக்கொள்ளும் எளிமை அதனாற் றோன்றுகின்றது. நஞ்சினை உண்டதோ தேவர் அஞ்சி ஓலமிட்ட வேளையில்; களிப்பிற்காக அன்று. பித்தன் என்னும் பெயர் திருவெண்ணெய்நல்லூர் வழக்கிற் சுந்தரமூர்த்திகள் சினந்து கூறிய வசை. அவ்வசையையே பதிகத்தின் முதலாக அமைத்துக்கொண்டது அருள். வசைமொழியை இலக்கணமாக எடுத்துக்கோடல் அடியார்க்கு அழகன்று. செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்மலையனூரில் வழங்கும் தலவரலாறும் இங்கு நினைத்தற்குரியது. பிரமன் கபாலம் கையில் ஒட்டிக்கொள்ளச் சிவன் பித்தனாய்த் திரிந்தான் என்றும், அங்காளம்மையால் அத்துன்பம் நீங்கிற்றென்றும் அவ்வூரார் கூறுவர். அவ்வரலாற்றிற் பித்து என்பது நீங்கவேண்டிய துன்பமேயன்றி விரும்பி ஏற்ற இன்பமன்று. எழுத்தறியாத வேளாண் மக்களும் அதனை அவ்வாறே உணர்ந்து கும்பிடுகின்றனர்.

சிவமூலி என்னும் பெயரால் வரும் ஐயமும் எளிதில் தீர்வதே. கஞ்சாவை முறைப்படி தூய்மைசெய்து, பிற சரக்குகளோடு சேர்த்து, இன்ன நோய்க்கு இன்ன அளவென வரையறுத்து வழங்குதல் தமிழ் மருத்துவர் மரபு. மூலி என்பதற்கு மருந்துச் செடி என்றே பொருள். அப்பெயர் சூட்டினார் மருத்துவர். அதனைக் களிப்பிற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார் நோயில்லாதார்.

ஈண்டு ஒரு தடை வலிதாக எழும். வெயிலிற் பாறை உடைத்தும் ஏர் உழுதும் உடல் நொந்தவன் மாலையிற் சிறிது மயங்கி வருத்தம் மறத்தல் அவனுக்கு நன்மையன்றோ? சங்கச் சான்றோரும் கள்ளை வெறுத்தாரல்லர். அதியமான் ஔவைக்குக் கள் அளித்துத் தானும் மகிழ்ந்தமை புறநானூற்றிற் காணப்படும். இத்தடையைச் சமயநூல் கொண்டு மட்டும் விலக்குதல் பொருந்தாது. பசித்தவனுக்குச் சிவானந்தம் பேசுதல் எளிது, அவன் சுமையை இறக்குதல் அரிது. திருவள்ளுவர் புலால் மறுத்தலைத் துறவறவியலில் வைத்தார். கள்ளுண்ணாமையையோ பொருட்பாலில், வரைவின் மகளிர்க்கும் சூதுக்கும் இடையே, 93-ஆம் அதிகாரமாக வைத்தார். அது துறவிக்கு மட்டும் உரிய நோன்பன்று, நாட்டிலும் மனையிலும் வாழ்வானுக்கு உரிய காப்பு என்பது அவ்வைப்புமுறையாற் போதரும். உழைப்பாளி மாலையில் மறந்த வருத்தம் விடியலில் அவனைவிட்டு நீங்குவதில்லை. அவ்வருத்தத்தோடு மடியிலிருந்த கூலியும் ஒருபகுதி குறைந்திருக்கும். அக்குறைவு மனையாள்மேலும் மக்கள்மேலும் விழுகின்றது. 1,193 சாட்சிகளுள் அத்தகைய மனையாட்டியர் வாய்மொழி எத்துணைச் சிறிது இடம்பெற்றிருக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம்.

இவ்வழக்கு நம் மாகாணத்தில் ஏட்டளவில் நில்லாது அரசாணையாகவும் உருப்பெற்றது. 1937 அக்டோபர் முதல் நாளில் இராசகோபாலாச்சாரியார் அமைச்சு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. அவ்வாண்டு இயற்றப்பட்ட சென்னை மதுவிலக்குச் சட்டம் கள், சாராயங்களோடு மயக்க மருந்துகளையும் தழுவியது. வரி விதித்து அடக்குக என்று 1894-இல் எழுதிய அறிக்கைக்கு இது நேர்மாறான முடிபு. கலால் வருவாய் பெருகியிருந்த அரசாங்கத்திற்கு அவ்விழப்புச் சிறிதன்று. அதனை ஈடுசெய்ய 1939-இல் விற்பனைவரி புகுத்தப்பட்டது.

அவ்விலக்கை மாகாணம் முழுதும் பரப்பியவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் அவர் பிறந்த ஊர். செஞ்சிக்கும் தொண்டூருக்கும் அயலது. 1947 மார்ச்சில் முதலமைச்சராகிய அவர், 1948 அக்டோபர் 2-ஆம் நாள் முதல் மதுவிலக்கு எல்லா மாவட்டங்களிலும் செல்லுமாறு செய்தார். அவர் வள்ளலாரிடத்துப் பேரன்பு பூண்டவர். 1949-இற் பதவி நீங்கியபின் வடலூரை அடைந்து, இராமலிங்க அடிகள் 1872-இல் நிறுவிய சத்திய ஞான சபையை ஒட்டிய அறப்பணிகளில் எஞ்சிய நாட்களைச் செலவிட்டார். 1970-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டில், 1971-இல், அவர் பரப்பிய விலக்குத் தளர்த்தப்பட்டுக் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் திறக்கப்பட்டன.